சீரியல் நம்பர் அசல், இயர்பட்ஸ் போலி: 13,500 ரூபாய் போச்சு

வயிறு எரிகிறது. ஓர் ஆன்லைன் விற்பனைத் தளத்தில் "சீல் பிரிக்காதது, பில்லுடன்" என்று போட்டிருந்த ஆப்பிளின் இயர்பட்ஸான ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் தலைமுறை, அப்பட்டமான போலி. போனது 13,500 ரூபாய்.

ஏமாந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி வந்ததும் அதிலிருந்த சீரியல் நம்பரை ஆப்பிளின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். மாடல் பெயர் சரி, வாரண்டியும் பாக்கி இருந்தது. அதை நம்பித்தான் உறையைக் கிழித்தேன். இப்படி ஒரு நம்பர் உண்டா என்பதை மட்டும்தான் அந்தப் பக்கம் சொல்லும். ஏதோ ஓர் அசல் ஜோடியின் நம்பரை ஆயிரம் போலிப் பெட்டிகளில் அச்சடித்தாலும் அது சரியென்றே காட்டும்.

ஆண்ட்ராய்டு போனில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் நண்பரின் ஐபோனில் இணைத்ததும், இது அசல்தானா என்று சரிபார்க்க முடியவில்லை என எச்சரிக்கை வந்தது. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 16 முதல் இந்த வசதி இருக்கிறது. அவருடைய அசல் ஜோடியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சார்ஜ் ஏற்றும் கேஸின் அடியில் ஸ்பீக்கர் துளை, பக்கத்தில் கயிறு மாட்டும் வளையம், மூடியைத் திறந்தால் ஐபோன் திரையில் எழும் பேட்டரி படம், எல்லாம் இதிலும் உண்டு. எடை போட்டால் குட்டு உடைகிறது. அசலில் ஒரு பட் 5.3 கிராம், கேஸ் 50.8. போலியில் பட் 4.4, கேஸ் 42. செட்டிங்ஸில் சீரியல் நம்பரைத் தட்டத் தட்ட, அசலில் இடது, வலது, கேஸ் மூன்றுக்கும் தனித்தனி நம்பர் வருகிறது. போலியில் மூன்றுக்கும் பெட்டியில் இருந்த அதே நம்பர். பட்டின் காம்பில் விரலை மேலும் கீழும் தேய்த்தால் அசலில் சத்தம் கூடிக் குறையும்; இதில் பாட்டு நின்றுவிடுகிறது.

இரைச்சல் தடுப்புதான் பெரிய மோசடி. ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, பாட்டுப் போடாமல் காதில் மாட்டுங்கள். அசலில் அந்த 'உம்ம்' சத்தம் சட்டென்று அடங்கும். இதில் மோடை மாற்றினால் 'டிங்' என்று ஒரு ஒலி, அவ்வளவுதான். ஃபேன் சத்தம் அப்படியே கேட்கிறது. இரைச்சலை அடக்க, வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி, அந்தக் கணமே அதை ரத்து செய்யும் எதிர் அலையை உண்டாக்க வேண்டும். அதற்கான வேலை எதுவும் இதில் நடக்கவில்லை. காதை அடைக்கிற சிலிக்கோன் முனைக்குத்தான் 13,500 ரூபாய்!

கஸ்டமர் கேர் முதலில் "48 மணி நேரத்தில் தீர்வு" என்றது. அப்புறம் "செல்லரிடம் கேட்டிருக்கிறோம்". செல்லரோ சீல் பிரித்தால் ரிட்டர்ன் இல்லை என்று கைவிரித்துவிட்டார். கடைசியில் வந்த பதில்: "சீரியல் நம்பர் செல்லுபடியாகிறது. எனவே பொருள் அசல்." புகாரையும் மூடிவிட்டார்கள். எடை போட்ட படம், ஐபோன் எச்சரிக்கையின் ஸ்கிரீன்ஷாட் எதற்கும் ஒரு வார்த்தை பதில் இல்லை. கூட வந்த பில்லில் ஜிஎஸ்டி எண்ணே கிடையாது, அதை இப்போதுதான் கவனித்தேன்.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. பார்சலை ஒட்டிய நிலையிலிருந்தே வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். முதல் நாளே ஒரு ஐபோனில் இணைத்துப் பாருங்கள். சாட்டில் மட்டும் பேசிக்கொண்டிருக்காமல் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. இன்று காலை அங்கே புகார் பதிந்துவிட்டேன்.