எச்சரிக்கை: ‘1968 மார்ட்டின் டி-28, ஒரிஜினல் ஃபினிஷ்’ என்று விற்கப்பட்ட கிட்டார்

சென்னையில் பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் ஒரு கடையில் அண்மையில் மார்ட்டின் என்ற அமெரிக்கக் கம்பெனியின் டி-28 அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று கைமாறியது. கடைக்காரர் சொன்னது நான்கு விஷயம்: 1968 மாடல், பிரேசிலியன் ரோஸ்வுட் மரம், ஒரிஜினல் ஃபினிஷ் (கம்பெனியில் அடித்த மேற்பூச்சு), உடம்பில் ஒரு கீறல்கூடக் கிடையாது. விலை 4,20,000 ரூபாய். வாங்கியவர் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர், ஆனால் பழைய கிட்டார் வாங்கிப் பழக்கமில்லாதவர். சில வாரம் கழித்து ஆக்ஷனை (நெக்குக்கு மேல் ஸ்ட்ரிங்குகள் நிற்கும் உயரத்தை) குறைத்துத் தரச் சொல்லி ரிப்பேருக்குக் கொடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நான்கில் மூன்று பொய். கீறல் இல்லை என்பது மட்டும் நிஜம், வில்லங்கமே அதில்தான் இருந்தது.

முதலில் ஆண்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மார்ட்டின் 1898-இலிருந்து தொடர்ச்சியாக எண் போட்டு வருகிறது. சவுண்ட்ஹோல் (உடம்பின் முன்னால் இருக்கும் வட்ட ஓட்டை) வழியாக நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீளத்தண்டு) இருக்கும் பக்கம் டார்ச் அடித்தால், அது உடம்போடு சேரும் நெக் பிளாக் என்ற கட்டையில் மாடலும் சீரியல் எண்ணும் குத்தியிருப்பது தெரியும். 1968-இன் கடைசி எண் 241925. இந்தக் கிட்டாரில் இருந்ததோ 34-இல் தொடங்கும் ஆறிலக்க எண். 1973 முடிந்தது 333873-இல், 1974 முடிந்தது 353387-இல். ஆகவே இது 1974-இல் செய்தது. எண்ணை யாரும் அழிக்கவில்லை, மாற்றவில்லை. பார்க்க மாட்டார் என்ற நம்பிக்கையிலேயே விற்றிருக்கிறார்கள்.

ஆண்டு பொய் என்றால் மரமும் பொய். டி-28-இன் முதுகுக்கும் பக்கங்களுக்கும் பிரேசிலியன் ரோஸ்வுட் போடுவதை மார்ட்டின் 1969 வாக்கில் நிறுத்திவிட்டு இந்தியன் ரோஸ்வுட்டுக்கு மாறிவிட்டது. இந்தியன் ரோஸ்வுட் வேறெதுவும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான். நம்மூர் ஈட்டியையே பிரேசில் மரம் என்று சென்னைக்காரர் தலையில் கட்டியிருக்கிறார்கள்! ஒருவேளை நிஜமாகவே பிரேசிலியன் ரோஸ்வுட் என்றால் இன்னொரு கேள்வி வரும். அந்த மரம் 1992 முதல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதில் செய்த கிட்டாரை நாடு விட்டு நாடு கொண்டுபோய் விற்க அனுமதிப் பத்திரம் வேண்டும். பத்திரத்தைக் கேளுங்கள். கேட்ட உடனே பல ‘பிரேசிலியன்’கள் இந்தியனாகிவிடும்.

இப்போது ஃபினிஷ். மார்ட்டின் அந்தக் காலத்தில் அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், மெல்லியது. வயதாக ஆகச் சுருங்கி மரத்தின் வரிகளுக்குள் இறங்கும், மஞ்சள் பூக்கும், குளிரும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் மயிரிழை விரிசல்கள் விடும். ஐம்பது வருட டாப்பை, அதாவது முன்பலகையை, சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் ஸ்ப்ரூஸ் மரத்தின் வரிகள் லேசாக மேடுபள்ளமாகத் தெரிய வேண்டும். இந்தக் கிட்டாரின் டாப் கண்ணாடி மாதிரி சமதளமாக இருந்தது. பழைய லாக்கரை எமரி தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, மரச்சாமான்களுக்கு அடிக்கிற வகை பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷை ஸ்ப்ரே செய்து பஃபிங் பண்ணியிருக்கிறார்கள். வண்ணம் பழசாகத் தெரிய அதில் மஞ்சள் சாயம் வேறு.

இதைக் கடையிலேயே பிடித்திருக்கலாம். மார்ட்டின் கிட்டாரின் உட்புறம் பாலிஷ் இல்லாத வெறும் மரம். சவுண்ட்ஹோலுக்கு நேர் கீழே, பின்பலகையின் நடுப்பட்டையில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். ரீஃபினிஷ் (புதிதாகப் பூச்சு அடிப்பது) செய்யும்போது ஓட்டையைச் சரியாக அடைக்காமல் ஸ்ப்ரே செய்திருந்தால் அங்கே துளித்துளியாக உறைந்து சொரசொரப்பாகவோ, ஒரு வட்டம் மட்டும் மினுமினுப்பாகவோ இருக்கும். சவுண்ட்ஹோலில் மூக்கை வைத்து மோந்து பார்க்கவும் தயங்காதீர்கள். பழைய மரமும் பழைய கேஸும் ஒரு வாசனை அடிக்கும், தின்னர் வாசனை அடித்தால் ஸ்ப்ரே செய்து அதிக நாள் ஆகவில்லை.

அடுத்து பிக்கார்ட், வாசிக்கும்போது டாப் கீறாமல் இருக்க சவுண்ட்ஹோல் பக்கத்தில் ஒட்டும் தகடு. 1980-களின் நடுப்பகுதி வரை மார்ட்டின் பிக்கார்டை நேராக வெறும் மரத்தில் ஒட்டி, அதன் மேலேயே லாக்கர் அடித்தது. அதனால் ஒரிஜினலில் பிக்கார்டின் விளிம்பு லாக்கருக்குள் புதைந்து வழவழப்பாக இருக்கும். இந்தக் கிட்டாரில் நகத்தை ஓட்டினால் விளிம்பு படிக்கட்டு மாதிரி தடுக்கியது. அதாவது, புது பாலிஷுக்கு மேலே புது பிக்கார்டை ஒட்டியிருக்கிறார்கள். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. வெறும் மரத்தில் ஒட்டிய பழைய பிக்கார்ட் சுருங்கும்போது மரத்தையும் இழுத்து, டாப்பில் நீளவாக்கில் பிளவு உண்டாக்குவது அந்தக் கால மார்ட்டின்களின் தெரிந்த நோய். அதைச் சரிசெய்யும் நேர்மையான ரிப்பேர்காரரும் பிக்கார்டைக் கழற்றி, அடியில் லாக்கர் அடித்துத் திரும்ப ஒட்டுவார். மற்ற அடையாளங்களும் சேர்ந்து வந்தால்தான் சந்தேகம் உறுதி.

ஸ்ட்ரிங்குகளை டாப்போடு பிடித்து வைக்கும் கட்டையான பிரிட்ஜைச் சுற்றிப் பாருங்கள். ஒரிஜினல் பிரிட்ஜில் பாலிஷ் இருக்காது, வெறும் மரம். அதன் ஓரங்களில் பளபளப்பு ஏறியிருந்தாலோ, பிரிட்ஜும் டாப்பும் சேரும் மூலையில் பாலிஷ் தேங்கி நின்றாலோ அது பிறகு அடித்தது. பைண்டிங்கின் (உடம்பின் ஓரத்தைச் சுற்றிப் பதித்த பட்டையின்) விளிம்பும் காட்டிக்கொடுக்கும். கம்பெனியில் செய்தது ஒரே சீரான அகலத்தில் இருக்கும், தேய்த்தெடுத்ததில் ஓரிடம் மெலிந்து ஓரிடம் தடித்து, மூலைகள் சோப்புக்கட்டி போல் உருண்டிருக்கும். இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. டாப்பே ஏறக்குறைய 3 மி.மீ. தடிமன்தான். அதிலிருந்து தேய்த்து எடுத்தது திரும்ப வராது. மெலிந்த டாப் ஸ்ட்ரிங்கின் இழுப்பில் பிரிட்ஜுக்குப் பின்னால் இன்னும் உப்பும்.

சின்ன யு.வி. டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும். இருட்டு அறையில் அடித்தால் வயதான நைட்ரோ லாக்கர் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும், பிறகு அடித்த இடங்கள் வேறு நிறத்திலோ இருட்டாகவோ நிற்கும். ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி), நெக்கின் பின்புறம், டாப் மூன்றையும் ஒப்பிடுங்கள். இங்கே ஹெட்ஸ்டாக் ஒளிர்ந்தது, உடம்பு ஒளிரவில்லை. அசிட்டோன் தொட்டுப் பார்க்கும் சோதனையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நைட்ரோவாக இருந்தால் அந்த இடமே கரைந்துவிடும், பிறகு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பளபளப்புக்குக் கீழே மறைந்திருந்தது இரண்டு. பிக்கார்டை ஒட்டி, பிரிட்ஜுக்கும் சவுண்ட்ஹோலுக்கும் நடுவே ஒரு நீளப் பிளவு. உள்ளே கண்ணாடி விட்டுப் பார்த்தபோது அதற்கு அடியில் ஒரு மரத்துண்டுகூட ஒட்டவில்லை. பிளவில் சூப்பர் குளூவை ஊற்றி, தேய்த்து, மேலே பாலிஷ் அடித்ததோடு சரி. முறையாகச் செய்திருந்தால் வரிக்குக் குறுக்காகச் சின்னச் சின்ன ஸ்ப்ரூஸ் துண்டுகள் ஒட்டியிருக்க வேண்டும். அப்படி ஒட்டிய பழைய பிளவு விலையைச் சற்றுக் குறைக்குமே தவிர, பயப்பட வேண்டியது இல்லை.

இரண்டாவது, இதைவிடப் பெரியது: நெக்கின் கோணம். பழைய ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டார் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். நீளமான ஸ்டீல் ஸ்கேலை ஃப்ரெட்களின் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின்) மேல் வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல்தளத்தைத் தொட்டபடியோ சற்று மேலாகவோ போக வேண்டும். பிரிட்ஜின் முகத்தில் போய் முட்டினால் நெக் முன்னால் சாய்ந்துவிட்டது. பிறகு சேடில், அதாவது பிரிட்ஜில் ஸ்ட்ரிங்குகள் ஏறி நிற்கும் மெல்லிய பட்டை: பிரிட்ஜுக்கு மேல் 3 மி.மீ. அளவுக்குத் தெரிந்தால் நிம்மதி. இந்தக் கிட்டாரில் சேடில் 1 மி.மீ.கூட வெளியே இல்லை, பிரிட்ஜையே சீவி உயரம் குறைத்திருந்தார்கள், அப்படியும் 12-ஆவது ஃப்ரெட்டில் தடித்த ஈ ஸ்ட்ரிங்கின் உயரம் 3.5 மி.மீ. சாதாரணமாக அங்கே 2.4 மி.மீ. சுற்றி இருந்தால் போதும். இறக்க இனி இடமே இல்லை. நெக்கைக் கழற்றி, கோணம் செதுக்கி, திரும்ப மாட்ட வேண்டும், இதுதான் நெக் ரீசெட். அமெரிக்காவிலேயே பல நூறு டாலர் பிடிக்கும் வேலை, இங்கே அதைத் துணிந்து செய்பவர்கள் சிலர்தான்.

ஆக்ஷன் உயரமாக இருக்கிறதே என்று வாங்கியவர் அன்றே கேட்டிருக்கிறார். “ட்ரஸ் ராடை லேசா திருப்பினா இறங்கிடும் சார், செட்டப் வேலைதான்” என்று பதில் வந்திருக்கிறது. ட்ரஸ் ராட் என்பது நெக்கின் உள்ளே ஓடும் உலோகக் கம்பி. திருப்பக்கூடிய ட்ரஸ் ராடை மார்ட்டின் வைக்கத் தொடங்கியதே 1985-இல். 1974 கிட்டாரில் சாவி போட இடமே கிடையாது. அப்படி ஒரு ராட் இருந்திருந்தாலும் அது நெக்கின் வளைவைத்தான் திருத்தும், கோணத்தை அல்ல.

காட்டும்போது இன்னொரு தந்திரமும் நடந்திருக்கிறது. ஸ்ட்ரிங்கை அரை சுரம் இறக்கி ட்யூன் செய்து, மெல்லிய செட் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இழுப்பு குறைந்தால் ஆக்ஷன் தாழும், வாசிக்கவும் லகுவாக இருக்கும். போனில் ட்யூனர் வைத்துச் சரியான சுருதிக்கு ஏற்றி, பத்து நிமிடம் விட்டு அளந்து பாருங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதம் நுழைகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். நுழைந்தால் பிரிட்ஜ் பெயர்ந்து வருகிறது.

விலைக்கு வருவோம். 1970-களின் டி-28, சுத்தமான ஒரிஜினலே ஆனாலும், பெரும்பாலும் புது டி-28 விலையை ஒட்டியோ அதற்குக் கீழோதான் போகும். பிரேசிலியன் மரத்தில் செய்த 1968-க்குத்தான் அதைவிட நிறைய விலை. ரீஃபினிஷ் என்றால் பாதி விலை என்பது பழைய கிட்டார் வணிகர்களின் கைக்கணக்கு. கணக்குக்காக ஒரிஜினல் 2,40,000 என்று வைத்தால், ரீஃபினிஷுக்குப் பிறகு 1,20,000. அதிலிருந்து நெக் ரீசெட், புது பிரிட்ஜ், பிளவு வேலை ஆகியவற்றின் செலவு கழியும். நல்ல முறையில் முடித்த நெக் ரீசெட்டுக்கு யாரும் விலையைக் குறைப்பதில்லை, செய்ய வேண்டியது பாக்கி இருந்தால்தான் குறையும். தேய்ந்து, கீறி, விரிசல் விட்ட பழைய லாக்கருக்குத்தான் இந்தச் சந்தையில் மதிப்பு. கீறலைப் பார்த்து முகம் சுளிக்கும் நம் வழக்கத்தை நம்பித்தான் பாலிஷ் பட்டறைக்கு அனுப்புகிறார்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது கடை மறுத்துவிட்டது. பில்லில் இருந்தது ‘யூஸ்டு அக்கூஸ்டிக் கிட்டார் - 1’ என்ற ஒரு வரி மட்டும். சீரியல் எண், ஆண்டு, மரம், ‘ஒரிஜினல் ஃபினிஷ்’, ‘நெக் ரீசெட் தேவையில்லை’ என்று சொன்னதையெல்லாம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், எழுத மறுத்தால் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கியதென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். இவரிடம் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, இப்போது அதை வைத்துத்தான் புகார் தயாராகிறது.