பாதுகாக்கப்பட்ட பட்டறையா, வெளியில் வேலையா?

பினாங்கில் கற்றல் குறைபாடுள்ள பிள்ளை பள்ளியை முடித்ததும், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே மேற்பார்வையோடு நடத்தப்படும் பாதுகாக்கப்பட்ட பட்டறைக்கு அனுப்புவதா, பணிப் பயிற்றுநரின் துணையோடு பேரங்காடியிலோ தங்கும் விடுதியிலோ வேலைக்குச் சேர்ப்பதா என்ற கேள்வி பெற்றோர் முன் நிற்கிறது. பட்டறையில் அவசரமில்லை, கேலிக்கும் இடம் குறைவு. ஆனால் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிறு ஊக்கத்தொகையே.

ஜப்பானின் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையான ஜைக்காவின் துணையுடன் மலேசியச் சமூகநலத் துறை வளர்த்தெடுத்த பணிப் பயிற்றுநர் முறையில், பயிற்றுநர் பணியிடத்துக்கே சென்று, முன்னதாகக் காலாவதியாகும் பால் பெட்டிகளை முன்வரிசையில் அடுக்குவது போன்ற வேலையைப் படிப்படியாகப் பிரித்துப் படங்களாகக் காட்டி, உடன் பணிபுரிவோரையும் பழக்கிவிட்டு, மெல்ல விலகிக்கொள்கிறார். மற்றவர்களுக்கு நிகராக வேலை பெறும் உரிமையை 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் ஏற்கிறது.

முதலில் முயல வேண்டியது பயிற்றுநர் துணையோடு வெளியில் வேலை பார்ப்பதையே என்பேன். கூட்டமும் இரைச்சலும் தாங்காத பிள்ளைக்குப் பட்டறை பொருந்தலாம். அம்முடிவையும் ஆண்டுதோறும் பிள்ளையிடமே கேட்டு மறுபரிசீலனை செய்ய வேண்டும்.