டொமைன் ஃபார்வர்டிங்கும் மாஸ்கிங்கும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அண்ணனின் அச்சகத்துக்குத் தளம் இருப்பது ஓர் இலவச சேவையில். விசிட்டிங் கார்டில் போடுவது சொந்த டொமைன், அதாவது நாமே வாங்கிய இணைய முகவரிப் பெயர். இரண்டையும் இணைக்க, டொமைன் விற்ற நிறுவனம் தந்த ஃபார்வர்டிங் (வருபவரை அப்படியே தளத்தின் முகவரிக்கு அனுப்பிவிடுவது), மாஸ்கிங் (தளத்தின் முகவரியை மறைத்து நம் டொமைனையே காட்டுவது) இரண்டையுமே பல வருடம் ஓட்டிப் பார்த்தாயிற்று.

மாஸ்கிங் பார்க்க அழகுதான். முகவரிப் பட்டையில் நம் பெயர் மட்டும் நிற்கும். ஆனால் உள்ளே நடப்பது வேறு: ஒரு வெற்றுப் பக்கம், அதற்குள் வேறொரு தளத்தைக் காட்டும் ஜன்னல் போன்ற ஒரு ஃபிரேம், அதற்குள்தான் உண்மையான தளம். அதனால் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் மேலே முகவரி மாறாது. விலைப்பட்டியலைப் பார்த்தவர் அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எதிராளிக்கு முகப்புப் பக்கம்தான் திறக்கும். வெளிப்பக்கத்தில், ஃபோன் திரையின் அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் வரி இல்லாததால் ஃபோனில் எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். கூகுள் தேடலில் வந்ததோ பழைய இலவச முகவரி. லாகின், பேமெண்ட் பக்கங்கள் பல ஃபிரேமுக்குள் திறக்கவே மறுக்கும். அவற்றைக் குறை சொல்ல முடியாது. போலி முகமூடிக்குள் சிக்காமல் இருக்கத்தான் அந்தத் தடை.

நேரடி ஃபார்வர்டிங்கில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சர்வர் பிரௌசரிடம் ‘வேறு முகவரிக்குப் போ’ என்று சொல்லும் குறியீட்டு எண்ணில், 301 என்றால் நிரந்தரம், 302 என்றால் தற்காலிகம். இதில் 301ஐப் பிரௌசர் நினைவில் வைத்துக்கொள்ளும். நாம் பிறகு இலக்கை மாற்றினாலும் ஏற்கெனவே வந்தவர்கள் சிலர் பழைய இடத்துக்கே போவார்கள். அதனால் முதலில் 302, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த அப்புறம் 301.

எனக்கு இருந்த பெரிய குறை எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டிய பாதுகாப்பான இணைப்பு. அந்த நிறுவனத்தின் ஃபார்வர்டிங் சர்வரில் நம் டொமைனுக்கு அந்த இணைப்புக்குத் தேவையான சான்றிதழ் கிடையாது. இப்போதைய பிரௌசர்கள் பலவும் முதலில் எச்டிடிபிஎஸ்ஸில்தான் தட்டிப் பார்க்கின்றன. சிலருக்குப் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது, சிலருக்கு எச்சரிக்கைத் திரை வந்தது. டிஎன்எஸ்ஸை (டொமைன் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவை) வேறு சேவைக்கு மாற்றி, சான்றிதழும் ஃபார்வர்டிங்கும் அங்கேயே வைத்தபின்தான் தீர்ந்தது. ஃபார்வர்டிங்குக்கு எச்டிடிபிஎஸ் சான்றிதழ் உண்டா என்பதுதான் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அச்சகத்துக்கு இதன் உண்மையான பயன் க்யூஆர் கோடில். காலண்டரில் அச்சான கோடைத் திருத்த முடியாது. அடுத்தவர் சுருக்க முகவரியை நம்பி அச்சடிப்பதும் ஆபத்து: கூகுளே தன் சுருக்க முகவரிச் சேவையான கூ.ஜிஎல்லில் (goo.gl) புது இணைப்புகளை 2019இல் நிறுத்தியது. பழையவற்றை 2025 ஆகஸ்ட் 25இல் மூடுவதாக அறிவித்து, கடைசி நேரத்தில் பயன்பாட்டில் உள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. இப்போது எங்கள் கோடுகள் எல்லாம் சொந்த டொமைனின் ஒரு சின்னப் பாதைக்கு (டொமைன் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடும் சின்னச் சொல்லும்) போய், அங்கிருந்து 302இல் உரிய பக்கத்துக்குத் திரும்புகின்றன. வாடிக்கையாளர் வாட்ஸ்அப் எண்ணை மாற்றினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். டொமைனைப் புதுப்பிக்கத் தவறினால் மட்டும் அத்தனை கோடும் செத்துப்போகும், அதனால் ஆட்டோ ரினியூவல் எப்போதும் ஆனில்.