வண்டி வரும், நேரம்தான் தெரியாது

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏறக்கூடிய வேன்கள் சென்னையில் இப்போது வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒவ்வொரு விடுமுறையிலும் நாலு பேர் தூக்கி அம்பாசடரின் பின்னிருக்கையில் உட்காரவைக்க, நாற்காலி டிக்கியில் கயிறு கட்டிப் பயணம் செய்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வண்டி எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும் என்பதற்கு மட்டும் இன்னும் யாரும் பொறுப்பேற்பதில்லை. அமெரிக்காவிலிருந்து என் சக்கர நாற்காலியோடு ஊருக்கு வந்த இந்தப் பயணத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான்.

பிற்பகல் ஒன்றே முக்காலுக்கு எழும்பூரில் ரயில். திருவான்மியூரில் உறவினர் வீட்டிலிருந்து கிளம்ப, பதினொன்றரைக்கு வேன் வேண்டும் என்று சில நாட்களுக்கு முன்பே பதிவு செய்து, முந்தைய இரவு மறுபடியும் பேசி உறுதி செய்துகொண்டேன். பன்னிரண்டு மணிக்கு நானாகவே அழைத்தபோது, "பக்கத்துல வந்துட்டாங்க சார், அஞ்சே நிமிஷம்" என்றார்கள். அதன் பிறகு ஒவ்வொரு அழைப்புக்கும் அதே ஐந்து நிமிடம்தான் பதிலாக வந்தது. வேறு வழி தேடிக்கொள்ள அவகாசம் இருந்த நேரம் முழுவதும் அந்த ஐந்து நிமிடங்களை நம்பியே கழிந்துவிட்டது. வேன் வந்தபோது மணி ஒன்று பத்து. நாங்கள் எழும்பூரை அடைவதற்குள் ரயில் போய்விட்டது.

தாமதத்தின் காரணத்தை ஓட்டுநர் வழியில் சொன்னார். எனக்கு முன் அவர் அழைத்துவர வேண்டியிருந்தவர் போரூரில் டயாலிசிஸ் முடித்துக் காத்திருந்த ஒரு பெரியவர். டயாலிசிஸ் நாலு மணி நேரம் என்பது இயந்திரத்தின் கணக்கு மட்டுமே. ஊசியை எடுத்த பிறகு ரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும், ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால் படுக்கவைத்துப் பார்த்த பிறகே அனுப்புவார்கள். அப்படிப்பட்டவருக்குத் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே குறிப்பதே தவறு. அவர் தயாரானதும் அழைத்தால் போகும்படி வேறொரு வண்டியை ஒதுக்கியிருக்க வேண்டும். அதற்கு மாறாக, அவரை வீட்டில் இறக்கிவிட்டு நேராகத் திருவான்மியூர் வரும்படி, கைபேசி வரைபடம் காட்டிய ஓட்ட நேரத்தை மட்டும் கூட்டி அட்டவணை போட்டிருக்கிறார்கள். சாய்தளத்தை இறக்குவது, நாற்காலியை ஏற்றுவது, பூட்டுவது, இறங்கும் இடத்தில் மறுபடியும் அவிழ்ப்பது என்று ஒவ்வொரு பயணிக்கும் ஆகும் பத்துப் பதினைந்து நிமிடங்கள் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

அந்த ஓட்டுநர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நாற்காலியைத் தொடும் முன் "புடிக்கலாமாண்ணே?" என்று கேட்டார், நான்கு பட்டைகளையும் சக்கரத்தில் மாட்டாமல் சட்டகத்தில் மாட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்த பிறகே இருக்கைப் பட்டையைப் போட்டார். அமெரிக்காவில் பயிற்சிச் சான்றிதழோடு வரும் ஓட்டுநர்களில்கூடச் சிலர் இவ்வளவு பொறுமையாகச் செய்வதில்லை. இத்தனை நல்ல கைகளிடம் ஓட முடியாத ஓர் அட்டவணையைக் கொடுத்து, பயணிகளின் ஏச்சையும் அவரே வாங்கும்படி விட்டிருக்கிறார்கள்.

நான் வசிக்கும் அமெரிக்காவில், பேருந்தைப் பயன்படுத்த முடியாத மாற்றுத்திறனாளிகளைப் பதிவின்பேரில் ஏற்றிச்செல்லும் பாராட்ரான்சிட் சேவை குறையற்றது என்று சொல்ல மாட்டேன். பல பயணிகளைச் சேர்த்து ஏற்றுவதால், நேராகப் போனால் அரை மணியில் முடியும் பயணம் ஊரைச் சுற்றி ஒன்றரை மணி நேரமாகிவிடும் நாட்கள் உண்டு. ஆனால் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையொட்டி வந்த விதிகளின்படி, முந்தைய நாள் பதிவு செய்தால் மறுநாள் வண்டி தர வேண்டும். கேட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்பின்னாகத் தள்ளக் கூடாது. பெரும்பாலான ஊர்களில் வண்டி வருவதற்கு அரை மணி நேர இடைவெளி ஒன்றைக் குறித்துத் தருகிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தாமதமான வருகையும் அளவுக்கு மீறிய பயண நேரமும் வழக்கமாகிவிட்டால் அது சேவை கிடைப்பதையே கட்டுப்படுத்துவதாகும் என்று கருதி அந்த விதி அதைத் தடை செய்கிறது. பேருந்தில் நடை, காத்திருப்பு, மாறி ஏறுதல் எல்லாம் சேர்த்து ஆகும் நேரத்தோடு நம் பயண நேரத்தை ஒப்பிட்டுக் கேள்வி கேட்க முடிகிறது.

இங்கே ஒப்பிடுவதற்கான பேருந்தே அண்மையில்தான் வந்திருக்கிறது. உயர் நீதிமன்றம் வரை நடந்த நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் மாநகர் போக்குவரத்துக் கழகம் புதிய தாழ்தளப் பேருந்துகளை ஓடவிட்டது. ஒரு பக்கமாகத் தாழ்ந்து, சாய்தளம் விரிந்து நிற்கும் அந்தப் பேருந்தைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. ஆனால் வீட்டு வாசலிலிருந்து நிறுத்தம் வரை நாற்காலி உருள நடைபாதை இல்லாதவர்களுக்கு வாசலுக்கு வரும் வேன்தான் ஒரே வழி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 41ஆம் பிரிவில் நிலையங்களைப் பற்றியும், வாகனங்களின் வடிவமைப்பைப் பற்றியும், குறைந்த செலவில் நடமாட உதவும் திட்டங்களைப் பற்றியும் பேசுகிறது. எவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கலாம் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நடக்க முடியாதவனுக்கு அப்படி என்ன அவசரம் என்ற பழைய எண்ணம்தான் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊரிலிருந்து திரும்பிய பின் விமான நிலையம் போகவும் அதே சேவையைத்தான் அழைத்தேன். இம்முறை பதிவு எடுக்கும் பெண்ணிடம், எனக்கு முன்னால் யாருடைய பயணம், அது மருத்துவமனையிலிருந்து திரும்பும் பயணமா, ஏற்றி இறக்க எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டு, எட்டிலிருந்து எட்டரைக்குள் வண்டி வரும் என்று செய்தியாக அனுப்பச் சொன்னேன். அவர் தயங்காமல் அனுப்பினார். வண்டியும் அந்த இடைவெளிக்குள்ளேயே வந்தது. நன்றி சொல்ல அழைத்தபோது, "கேட்டா எல்லாருக்கும் இப்படி அனுப்பலாம் சார்" என்றார். கேட்கத் தெரியாதவர்களுக்கும், முதலில் அந்தப் போரூர்ப் பெரியவருக்கும் அனுப்புங்கள் அம்மா என்று கேட்டுக்கொண்டேன்.