சர்க்கரை நோயாளியின் சிறுநீரகப் பராமரிப்பு: பல வருடப் பயன்பாட்டில் தெரியும் செலவுக் கணக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வழியாக வீட்டு வாசலிலோ சர்க்கரை மாத்திரை வாங்கி, கூடவே சிறுநீரகத்தையும் வருடக்கணக்கில் கவனித்து வந்தால் செலவு உண்மையில் குறைகிறதா? குறைகிறது. ஆனால் முதல் ஓரிரு வருடத்தில் அல்ல. அப்போது செலவு கூடத்தான் செய்யும். அதுவரை எடுக்காத பரிசோதனைகள் சேரும், மாத்திரை ஒன்றிரண்டு ஏறும், மறைந்திருந்த நோய் வெளியே வரும். லாபம் தெரிவது டயாலிசிஸ் தள்ளிப்போகும் வருடங்களில்.

குறைந்த செலவில் இதைச் செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, 1990களின் கடைசியில் ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’ மூலம் சென்னைக்கு அருகே சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில் தொடங்கிய திட்டம் அது. களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சோதனைக் குழாயில் சிறுநீரை எடுத்து சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில துளி விட்டால், புரதம் இருக்கும் சிறுநீர் வெள்ளையாகக் கலங்கும். பெனடிக்ட் கரைசல் 5 மி.லி.யில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரையின் அளவைப் பொறுத்து நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வரும். மருந்துகளும் விலை குறைந்த பழைய மருந்துகள்தான். மொத்தச் செலவு, அந்த மக்கள்தொகையில் தலைக்கு வருடத்துக்கு 27 அமெரிக்க சென்ட் மட்டுமே. ரத்த அழுத்தம் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது 140/90க்குள் வந்தது. இந்தக் கணக்கை எத்தனை முறை பார்த்தாலும் மனம் நிறைகிறது.

அந்த அமிலச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. சிறுநீரில் புரதம் நன்றாக இறங்கிய பிறகுதான் அது காட்டும். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சாதாரணப் பட்டைச் சோதனையும் அப்படியே. ‘யூரின் ஆல்புமின் நில்’, அதாவது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இல்லை என்று சீட்டில் வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆரம்பக் கசிவைப் பிடிக்க, அந்தப் புரதத்தைச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினோடு ஒப்பிடும் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் வேண்டும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மி.கிராமுக்குக் கீழே இருந்தால் சரி, 30 முதல் 300 வரை எச்சரிக்கை, 300க்கு மேல் கசிவு அதிகம். காலையில் கழிக்கும் முதல் சிறுநீர் நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், கடும் உடலுழைப்பு இருக்கும் நாட்களில் எடுத்தால் எண் பொய்யாக ஏறும். அதனால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை எடுத்து, இரண்டு முறையாவது ஏறியிருந்தால்தான் நோய் என்று வைக்க வேண்டும். இதோடு வருடம் ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைக் கணக்கிட வேண்டும். ‘கிரியேட்டினின் 1.3தானே’ என்று விடுவது பெரிய தவறு. ஒல்லியான 60 வயதுப் பெண்ணுக்கு அந்த 1.3 என்பது சிறுநீரகம் பாதிக்கும் குறைவாக வேலை செய்கிறது என்று பொருள்.

மாத்திரை விலை இப்போது நம் பக்கம். சிறுநீரகத்தையும் காக்கும் பிரஷர் மாத்திரைகளான எனாலப்ரில், லோசார்ட்டன் போன்றவை மலிவு. சிறுநீரகத்தையும் காக்கும் சர்க்கரை மாத்திரைகளில், டாபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை இந்தியாவில் 2020இலும், எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்தன. 60 ரூபாய் அளவில் விற்ற எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை, பொதுப்பெயர் வகைகளில் பத்து ரூபாய்க்கும் கீழே வந்தது. சிறுநீரக நோயாளிகளுக்கு டாபாகிளிஃப்ளோசின் கொடுத்துப் பார்த்து 2020இல் வெளியான டாபா-சி.கே.டி. ஆய்வில், சிறுநீரகம் மோசமாவதும் சிறுநீரக, இதய நோய் மரணங்களும் சேர்த்துப் பார்த்தால் 39 சதவீதம் குறைந்தன. இவ்வளவு பயன் தரும் மருந்து மாதம் முன்னூறு ரூபாய்க்குள் கிடைப்பது சிறிய விஷயமல்ல.

இத்தனை இருந்தும் பணம் எங்கே ஒழுகுகிறது? பெரும்பாலும் மூன்று இடங்களில்.

எனாலப்ரில் வகை மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் சற்று ஏறும். 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததுதான். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறார்கள், பாதுகாப்பும் அங்கேயே போய்விடுகிறது. கிரியேட்டினின் அதற்கு மேல் ஏறினாலோ, ரத்தத்தில் பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினாலோதான் உடனே கவனிக்க வேண்டும். பொட்டாசியம் ஏறியிருந்தால் இளநீர், பழச்சாறு, ‘சோடியம் குறைந்த’ உப்பு மூன்றையும் விசாரிக்க வேண்டும். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம்.

அடுத்தது முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்து, நடுவே வயிற்றுப்போக்கும் வந்தால் சிறுநீரகம் சில நாளில் படுத்துவிடும். வாந்தி, பேதி நாட்களில் மெட்ஃபார்மின், எனாலப்ரில், நீர் பிரியும் மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் நான்கையும் மருத்துவரைக் கேட்டு நிறுத்தி வைத்து, சாப்பாடு சரியானதும் தொடங்க வேண்டும். நோயாளியின் மருத்துவ நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி ஒட்டியிருக்கும் வீடுகளுக்கு ஒரு ஐ.சி.யூ. செலவே மிச்சமாகும்.

மூன்றாவது, மனதை மிகவும் வருத்துவது. பத்துப் பதினைந்து வருடம் கட்டுப்படாத சர்க்கரை திடீரென்று தானாக இறங்குகிறது. ‘சுகர் குணமாகிடுச்சு’ என்று வீடே சந்தோஷப்படுகிறது. உண்மையில் இன்சுலினை வெளியேற்றும் வேலையைச் சிறுநீரகம் விட்டுக்கொண்டிருக்கிறது. காரணமில்லாமல் இன்சுலின் தேவை குறைந்தால் அந்த வாரமே கிரியேட்டினின் பார்க்க வேண்டும்.

டயாலிசிஸ் வந்துவிட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் கட்டணம் இல்லை, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை வரம்பு. ஆனாலும் ‘இலவசம்’ என்ற சொல் பாதிதான் சரி. வாரம் மூன்று என்றால் வருடம் 156 நாள். துணைக்கு வருபவரின் கூலி 600 ரூபாய் என்று வைத்தால் 93,600 ரூபாய் வீட்டிலிருந்து போகிறது. நோயாளியின் சொந்த வருமானம் இதில் சேரவில்லை. வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸான சி.ஏ.பி.டி.க்கு வேண்டிய பைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவது இந்த இடத்தில்தான் பெரிய உதவி.

இங்கே திட்ட நிர்வாகத்தின் சிக்கலும் இருக்கிறது. மாத்திரைச் செலவு ஆரம்ப சுகாதார நிலையத்தின் கணக்கில், டயாலிசிஸ் மிச்சம் காப்பீட்டின் கணக்கில், கூலி மிச்சம் நோயாளி வீட்டில். முதல் கணக்கை மட்டும் பார்ப்பவருக்குத் திட்டம் எப்போதும் நஷ்டமாகவே தெரியும். ஆல்புமின் சோதனையைத்தான் முதலில் வெட்டத் தோன்றும்.

இ.ஜி.எஃப்.ஆர். 20க்குக் கீழே இறங்குகிறவர்களுக்கு இரண்டு வேலைகளை முன்கூட்டியே முடிப்பது நல்லது. ஒன்று ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, இரட்டை அளவில், 0, 1, 2, 6 மாதங்களில். இன்னொன்று ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைப்பது. அது பழுக்கக் குறைந்தது ஆறு வாரம் வேண்டும், சிலருக்கு மூன்று மாதமும் ஆகும். காத்திருந்து அவசரத்தில் போனால் கழுத்தில் குழாய், அதில் தொற்று, ஆன்டிபயாடிக், படுக்கை நாட்கள் என்று செலவு ஏறும். அதிகம் பயன்படுத்தாத கையை இப்போதிருந்தே ஒதுக்கிவிடுங்கள். அந்தக் கையில் டிரிப்ஸ் வேண்டாம், ரத்தம் எடுக்கவும் வேண்டாம், ஃபிஸ்டுலா வைத்த பிறகு பிரஷர் பட்டையும் கட்ட வேண்டாம். தினமும் காலையில் ஃபிஸ்டுலாவின்மேல் விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல் ஒரு அதிர்வு தெரியும். அது தெரியாத நாளில் அடுத்த முறை வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.