மிதக்கும் ஓ2, கிடக்கும் மேஜென், எரியும் விஸ்கிச் சக்கை: ஸ்காட்லாந்து மின் இயந்திரங்கள் ஒரு மதிப்பீடு

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் ஈடே தீவை ஒட்டிய ஃபால் ஆஃப் வார்னஸ் நீரிணையில் 74 மீட்டர் நீளத்துக்கு ஒரு மஞ்சள் குழாய் மிதக்கிறது. கடல் ஓதத்தின் ஓட்டத்தில் மின்சாரம் எடுக்கும் இயந்திரம், ஆர்பிட்டல் மரைன் பவர் நிறுவனத்தின் ஓ2 அதுதான். 2021 ஏப்ரலில் டண்டியில் தண்ணீரில் இறக்கினார்கள், ஜூலையில் கரைக்கு மின்சாரம் வந்துவிட்டது. திறன் 2 மெகாவாட். குழாயின் இரு பக்கமும் ஒவ்வொரு கால், ஒவ்வொரு காலின் நுனியிலும் 1 மெகாவாட் ஜெனரேட்டர், 20 மீட்டர் விட்டத்தில் சுழலி.

பிரான்சின் லா ரான்ஸ் ஓத மின்நிலையம் (1966, 240 மெகாவாட்) மாதிரி முகத்துவாரத்தை மறித்து அணை கட்டும் வேலை இதில் இல்லை. கடல் நீரோட்டத்தைத் தூத்துக்குடிப் பக்கம் நீவாடு என்பார்களே, அந்த ஓட்டத்திலேயே இறக்கையைச் சுற்றவிடுகிறார்கள். கணக்கு எளிது. இரண்டு சுழலிக்கும் சேர்த்துப் பரப்பு 628 சதுர மீட்டர். ஓட்டம் நொடிக்கு 2.5 மீட்டர் இருந்தால் ஒரு சதுர மீட்டரில் 8 கிலோவாட் போகிறது, மொத்தம் 5 மெகாவாட். அதில் 40 சதவீதம் பிடித்தால் 2 மெகாவாட். வேகம் 2 மீட்டராக இறங்கினால் கையில் வருவது 1 மெகாவாட்தான். 1.25க்கு வந்தால் வெறும் 250 கிலோவாட். வேகத்தின் மும்மடியில் நடக்கும் விளையாட்டு இது. அதனால் இடம் தவறினால் எந்த நல்ல இயந்திரமும் காப்பாற்றாது. ஒரு மீட்டர் உயரம்கூட ஏறி இறங்காத பாம்பன் ஓதத்தை நம்பி யாரும் இதை வாங்க நினைக்க வேண்டாம்.

ஓ2வில் உண்மையிலேயே பாராட்ட வேண்டியது அந்தக் கால்கள். பழுது என்றால் இரண்டையும் மேலே தூக்கி நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். சின்னப் படகில் போய் இறங்கி வேலை பார்க்கலாம், நாள் வாடகைக்கே சொத்தை எழுதிக் கேட்கும் பெரிய கிரேன் கப்பல் வேண்டாம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திசை மாறும்போது குழாய் திரும்புவதில்லை, இறக்கைகள் மட்டும் கோணத்தைப் புரட்டிக்கொள்கின்றன.

குறை எங்கே? மிதக்கும் குழாயிலிருந்து கடல்தரைக்குத் தொங்கும் கேபிளில். ராப்பகலாக அது வளைந்துகொண்டே இருக்கிறது. குழாயை விட்டு அது வெளியேறும் இடத்தில்தான் உலோகச் சோர்வு முதலில் வரும், ஆய்வுப் பட்டியலில் அந்த இடத்தை முதல் வரியில் போட வேண்டும். இன்னொன்று, மேல்மட்டத்தில் ஓட்டம் வலுவாகக் கிடைப்பது லாபம்தான், ஆனால் குளிர்காலத்து அலையின் அடியும் அங்கேதான் விழும்.

மேஜென் இதற்கு நேர் எதிர். ஆர்க்னிக்கும் ஸ்காட்லாந்து நிலப்பகுதிக்கும் இடையிலான பென்ட்லாண்ட் ஃபிர்த் நீரிணையில், ஸ்ட்ரோமா தீவுக்கும் கேத்னஸ் கரைக்கும் நடுவே கடல்தரையில் உட்கார்ந்திருக்கும் நான்கு 1.5 மெகாவாட் இயந்திரங்கள். ஒவ்வொன்றின் முக்காலி அடித்தளமும் 250 முதல் 350 டன், அதன்மேல் அசையாமல் இருக்க 1,200 டன் எடைக்கட்டிகள். அலை தொடாது, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஒரு சீல் கசிந்தால் முழு இயந்திரத்தையும் மேலே எடுக்க வேண்டும். அதற்கு ஓட்டம் அடங்கும் சற்று நேரம்தான் அவகாசம், அதுவும் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இன்னும் சுருங்கிவிடும். எட்டாம் பிறை சமயம் பார்த்துப் போவதே புத்திசாலித்தனம். இத்தனைக்கும் அங்கே ஒரு இயந்திரம் ஆறு ஆண்டுகளுக்கு மேல் திட்டமிடாத பழுதுக்காக வெளியே எடுக்கப்படாமல் ஓடியது என்று 2025இல் செய்தி வந்தது. உப்புநீரில் பேரிங்கும் சீலும் அவ்வளவு தாங்கியதுதான் இந்தத் துறைக்கே பெரிய சேதி.

விலையைச் சொல்லாமல் விட முடியாது. 2022 பிரிட்டிஷ் அரசு ஏலத்தில் ஓத மின்சாரம் மெகாவாட் மணிக்கு 178.54 பவுண்டு, கடல் காற்றாலை 37.35 (இரண்டும் 2012 விலைமட்டத்தில்). நாலே முக்கால் மடங்கு! எந்த நாள் எந்த மணிக்கு எவ்வளவு வரும் என்று வருடக் கணக்கில் முன்கூட்டியே சொல்ல முடிவதற்கு மதிப்பு உண்டு, இவ்வளவு மதிப்பு உண்டா என்பது சந்தேகம்தான்.

இனி கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் விஸ்கி ஆலை. ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ பார்லிச் சக்கையும், முதல் வடிகலனின் அடியில் 8 லிட்டர் மண்டிநீரும் (அங்கே பாட் ஏல் என்பார்கள்) மிஞ்சுகின்றன. விஸ்கி ஆலைகள் நிறைந்த ஸ்பேசைடு வட்டாரத்தின் ராத்தெஸ் ஊரில் 2013இல் திறந்த கோர்ட் ஆலை சக்கையை மரச்சில்லுடன் சேர்த்து எரித்து 7.2 மெகாவாட் மின்சாரம் எடுக்கும்படி அமைந்தது. மண்டிநீரை நீராவியால் சுண்டவைத்துக் கால்நடைத் தீவனப் பாகாக்குவதும் அங்கேயே.

இங்கே எதிரி தண்ணீர். சக்கை வரும்போது 80 சதவீதம் ஈரம். அப்படியே போட்டால் கிலோவுக்கு 1.9 மெகாஜூல்கூடத் தேறாது, அடுப்பு அணையும். திருகு அழுத்தியில் பிழிந்து 65 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 5 மெகாஜூல். மரச்சில்லு சேர்ப்பது அதற்கு மேலும் தீ நிற்பதற்காக. பிழிந்த நீரை மறந்துவிடக்கூடாது, அதுவும் மண்டிநீர்க் கணக்கில் சேரும்.

சிறிய ஆலைக்கு எரிப்பதைவிட மண்டிநீரைச் செரிப்பானில் (காற்றுப் புகாமல் நுண்ணுயிர்கள் கழிவைச் செரிக்கும் தொட்டி) விட்டு மீத்தேன் எடுப்பதே தோது. ஒரு கன மீட்டரில் 40 கிலோ சிஓடி (கழிவில் உள்ள கரிமப் பொருளை ஆக்சிஜன் தேவையால் அளக்கும் கணக்கு), அதில் 80 சதவீதம் உடைந்தால் 11 கன மீட்டர் மீத்தேன், அதாவது 110 கிலோவாட் மணி வெப்பம். என்ஜினில் போட்டால் 40 யூனிட் மின்சாரம். பாய்லரில் போட்டால் அதே வாயுவில் 95க்கு மேல் நீராவியாகக் கிடைக்கும். ஆலைக்கு ஓயாமல் வேண்டியது நீராவிதான். மின்சாரமாக்கிப் படம் காட்டுவதில் அர்த்தமில்லை.

செரிப்பான் படுப்பதற்குக் காரணங்கள் எப்போதும் இவைதான்: கொதிக்கக் கொதிக்க வரும் நீரை 37 டிகிரிக்கு ஆற்றாமல் விடுவது, பிஹெச் 4க்குக் கீழே இருப்பதைச் சரிக்கட்டாதது, நுண்ணுயிர்கள் துகள்களாகத் திரண்டிருக்கும் படுகையை ஈஸ்ட் மண்டி அடைப்பது, செம்பு வடிகலனிலிருந்து கரைந்து வரும் செம்பு, கலன் கழுவிய காரநீர் ஒரே அடியாக உள்ளே வருவது. கடைசி இரண்டையும் சமாளிக்க, வரும் நீரைக் கலந்து ஒரே சீராக்கும் ஒரு சமன்தொட்டியைச் செரிப்பானுக்கு முன்னால் வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். நம்மூர் மொலாசஸ் ஆலைக் கழிவில் சிஓடி லிட்டருக்கு லட்சம் மில்லிகிராமைத் தொடும், வாயு தாராளம். ஆனால் சல்ஃபேட்டும் தாராளம், அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு 2 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். கழுவாமல் என்ஜினுக்கு விட்டால் எண்ணெய் அமிலமாகி பேரிங்கைத் தின்னும்.

ஓதத்துக்கு விடுமுறை இல்லை, விஸ்கி ஆலைக்கு உண்டு. பராமரிப்புக்காக ஆண்டுதோறும் சில வாரம் மூடுவார்கள், அந்த நாட்களில் நுண்ணுயிர்கள் பட்டினி. திறந்ததும் முழுத் தீனி போடக்கூடாது. பத்தில் ஒரு பங்கில் தொடங்கி, கொழுப்பமிலத்துக்கும் காரத்தன்மைக்குமான விகிதம் 0.3ஐத் தாண்டாமல் தினமும் பார்த்து ஏற்ற வேண்டும். 0.4 ஆகிவிட்டால் அன்றைக்குத் தீனியை நிறுத்திவிடுங்கள்.