ஆஸ்கி மாதிரித் தேர்வு: திரையில் ஒன்று, அறையில் ஒன்று

கியூபெக் நீங்கலாகக் கனடாவில் மருந்தாளுநர் உரிமம் பெற, கனடாவின் மருந்தாளுநர் தேர்வு வாரியமான பி.இ.பி.சி. நடத்தும் தகுதித் தேர்வின் இரண்டாம் பகுதியான ஆஸ்கியை (நோயாளியாக நடிப்பவரிடம் பேசியும் செய்துகாட்டியும் அறை அறையாகக் கொடுக்கும் செயல்முறைத் தேர்வு) நேரில் போய்த்தான் கொடுக்க வேண்டும். இந்தியாவில் பி.ஃபார்ம் முடித்து டொரன்டோவுக்கு வந்த என்னைப் போன்றவர்களை நம்பி இங்கே மாதிரித் தேர்வு மையங்கள் பல நடக்கின்றன. நான் சேர்ந்த மையத்தில் இணையவழி, நேரடி என இரண்டு தொகுப்புகள். இரண்டுக்கும் பணம் கட்டினேன்.

பேச்சுப் பயிற்சிக்கு இணையவழியே போதும். ஒரு கேள்வியில், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கும் முதியவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்காக கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதியிருக்கிறார்கள்; இரண்டும் சேர்ந்தால், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு எகிறிவிடும் என்று மருத்துவரை அழைத்து மாற்று மருந்து கேட்க வேண்டும். மருந்துக்கடையிலும் இது தொலைபேசி வேலைதானே! ஒளிப்பதிவும் கைக்கு வருகிறது. நேரடித் தொகுப்பில் மதிப்பெண் தாள் மட்டும்தான்.

கைவேலை என்று வந்தால் கதை வேறு. இன்சுலின் பேனாவில் 2 யூனிட் திருகி, ஊசியை மேல்நோக்கிப் பிடித்து அழுத்தி, நுனியில் சொட்டு வருவதை நோயாளிக்குக் காட்ட வேண்டும். நேரில் மதிப்பீட்டாளர் நாற்காலியை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார். திரையில் தெரிந்ததோ என் முகவாயும் பேனாவின் அடிப்பகுதியும். ‘சொட்டு வந்துவிட்டது’ என்று வாயால் சொன்னதற்கே முழு மதிப்பெண். வராவிட்டாலும் போட்டிருப்பார்கள்.

அதைவிட எரிச்சலூட்டியது துணிப்பை விவகாரம். இரத்த அழுத்தம் ஏறிய மூட்டுவலிக்காரியாக நடித்த அம்மையார் நேரடித் தேர்வில் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். ‘கடையில் நீங்களே வாங்கிய மாத்திரை ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்ட பிறகுதான் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடிய வலிநிவாரணியான ஐபுப்ரோஃபென் டப்பா வெளியே வந்தது. இணையவழியில் அதே பாத்திரத்தில் வந்தவர், நான் வாய் திறப்பதற்குள் டப்பாவைக் கேமராவுக்கு நேரே நீட்டிப் பெயரையும் உரக்கப் படித்தார். விடையைக் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் என்ன தேர்வு?

மணி அடித்ததும் அடுத்த ஸ்டேஷனுக்கு, அதாவது அடுத்த கேள்விக்கான அறைக்கு, நகர்வது, 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் மருத்துவ மாணவர்களுக்காக வகுத்த முறை. கதவில் ஒட்டிய குறிப்பைப் படித்துவிட்டு, முந்தைய அறையின் சொதப்பலை மறந்து உள்ளே நுழையும் அந்தப் பதற்றமும் தேர்வின் ஒரு பகுதிதான். வீட்டு நாற்காலியில் அது வரவே வராது.

நேரடித் தொகுப்பின் கட்டணம் ஏறக்குறைய இரு மடங்கு. டொரன்டோவுக்கு விமானத்தில் வர வேண்டியவர்கள், பேசப் பழகுவதற்கு இணையவழியை எடுத்துக்கொண்டு, தேர்வு நெருங்கும்போது ஒரே ஒரு நேரடி நாளுக்குச் செலவழிக்கலாம். பக்கத்தில் இருப்பவர்கள் யோசிக்காமல் நேரடிக்குப் போகலாம்.

இன்னொன்று: இணையவழியில் சேர்ந்தால் பயிற்சிப் பேனாவையும் இன்ஹேலரையும் நாமே தேடி வாங்க வேண்டும். விளம்பரத்தில் இது எங்கும் இல்லை. பணம் கட்டிய பிறகு வரும் மின்னஞ்சலில்தான் சொல்கிறார்கள்.